பிஜியில் செய்தி ஊடகங்களும் அரசியலும்

தென்மேற்குப் பசிபிக்கில் முந்நூறுக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட பிஜி, 1874 முதல் 1970 வரை பிரித்தானிய ஆட்சியில் இருந்த நாடு ஆகும். இங்கே நாளேடுகளும் ஒலிபரப்பு நிறுவனங்களும் விரல்விட்டு எண்ணத்தக்கவையாக இருப்பதால், சில நிறுவனங்களை வசப்படுத்தினாலே செய்தி முழுவதையும் கட்டுப்படுத்த ஆட்சியாளருக்கு இயன்றது.

தோற்றம்

நாட்டின் மூத்த நாளேடான 'பிஜி டைம்ஸ்' 1869 இல் லெவுக்கா நகரில் ஐரோப்பியக் குடியேறிகளுக்காகத் தொடங்கப்பட்டு, தலைநகர் சுவாவுக்கு மாறியபின் அங்கே இடம்பெயர்ந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு 1879 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட இந்தியருள் 1903 முதல் தமிழரும் இருந்தனர். எனினும் இந்திய வம்சாவளியினருக்கான இதழியல், 1935 இல் தோன்றிய 'சாந்தி தூத்' வார இதழைப் போலப் பெரிதும் இந்தியிலேயே வளர்ந்தது. இதௌகெய் எனப்படும் பழங்குடி மக்களுக்குப் பிஜி மொழியில் 'நை லலாகாய்' வெளிவருகிறது. இவ்வாறு வாசகர் மொழிவாரியாகப் பிரிந்திருந்தது, இனவாரியாக அமைந்த கட்சி அரசியலோடு ஒத்துப்போயிற்று.

ஆட்சிக் கவிழ்ப்புகளும் தணிக்கையும்

1987 மே மாதத்தில் சிட்டிவேனி ரபுகா நடத்திய இராணுவக் கவிழ்ப்பின்போது நாளேடுகள் படையினரால் மூடப்பட்டன; 2000 இல் ஜார்ஜ் ஸ்பைட் நாடாளுமன்றத்தைக் கைப்பற்றியிருந்த நாட்களில் அவருடைய ஆதரவாளர்கள் சுவாவின் தொலைக்காட்சி நிலையத்தைச் சூறையாடினர். 2006 இல் ஆட்சியைப் பிடித்த படைத்தளபதி பிராங்க் பைனிமராமாவின் அரசு, வெளிநாட்டவரான பத்திரிகை வெளியீட்டாளர்களை நாடுகடத்தியது. 2009 ஏப்ரலில் அரசியலமைப்பு இரத்துச் செய்யப்பட்டதும், அச்சுக்குப் போகும் முன்பே செய்திகளைப் படித்து நீக்கும் தணிக்கை அலுவலர்கள் செய்தி அறைகளில் அமர்த்தப்பட்டனர். அதற்கு எதிர்ப்பாக 'பிஜி டைம்ஸ்' தன் ஞாயிறு பதிப்பில், நீக்கப்பட்ட செய்திகளுக்குரிய இடங்களை வெறுமையாகவே விட்டு, அரசின் கட்டுப்பாடே காரணம் என்ற குறிப்புடன் வெளியிட்டது.

2010 ஆணை

ஊடகத் தொழில் வளர்ச்சி ஆணை என்னும் பெயரில் 2010 ஜூனில் பிறப்பிக்கப்பட்ட சட்டம், ஊடக நிறுவனங்களின் உரிமையில் 90 விழுக்காடு பிஜிக் குடிமக்களிடம் இருக்க வேண்டும் என விதித்ததால், ரூப்பர்ட் மர்டோக்கின் நிறுவனம் 'பிஜி டைம்ஸை' உள்ளூரைச் சேர்ந்த மோத்திபாய் குழுமத்துக்கு விற்றது. ஐம்பது சொற்களுக்கு மேற்பட்ட செய்தி ஒவ்வொன்றிலும் எழுதியவர் பெயர் இடம்பெற வேண்டும் என்றும், பொதுநலனுக்கு எதிரானவற்றை வெளியிடுவோருக்குத் தண்டமும் சிறையும் உண்டு என்றும் அது கூறியது. அரசு விளம்பரங்கள் 'பிஜி டைம்ஸின்' போட்டி நாளேடான 'பிஜி சன்'னுக்கே வழங்கப்பட்டதால், கெடுபிடி வருவாயையும் தொட்டது. 'நை லலாகாய்' இதழில் வந்த வாசகர் கடிதம் ஒன்றுக்காகத் தொடரப்பட்ட அரசதுரோக வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரும் 2018 மே மாதத்தில் விடுவிக்கப்பட்டனர்.

நீக்கம்

2022 தேர்தலுக்குப்பின் கூட்டணிக்குத் தலைமையேற்றுப் பிரதமரான அதே ரபுகாவின் அரசு, 2023 ஏப்ரலில் அந்த 2010 சட்டத்தை நீக்கியது. எல்லைகளற்ற செய்தியாளர் அமைப்பின் பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் 2022 இல் 102 ஆம் இடத்தில் இருந்த பிஜி, 2024 இல் 44 ஆம் இடத்துக்கு முன்னேறியது. எனினும் ஊடக நிறுவனங்களைப் பதிவுசெய்யவும் ஒழுங்குபடுத்தவும் சட்டம் இயற்றலாம் என 2013 அரசியலமைப்பின் 17 ஆம் பிரிவு அனுமதிப்பதால், இந்த விடுதலை நாடாளுமன்றப் பெரும்பான்மையின் விருப்பத்தைச் சார்ந்தே நிற்கிறது.