அடைக்கோழியும் தாராக்குஞ்சும்: சேலம் – நாமக்கல் சமவெளியில் புறக்கடைப் பறவை வளர்ப்பு

ஆய்வுச் சுருக்கம்

சேலம் – நாமக்கல் சமவெளி இன்று கோழிப்பண்ணைத் தொழிலால் அறியப்படுகிறது. அதற்கு முந்தைய புறக்கடை வளர்ப்பில் கோழியும் வாத்தும் எவ்வாறு இணைந்தன, பின்னர் எவ்வாறு பிரிந்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நீர், அடைகாத்தல், நோய் ஆகிய மூன்றும் இவ்வுறவைத் தீர்மானித்தன என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: புறக்கடை வளர்ப்பு, தாரா, அடைக்கோழி, நாமக்கல், பறவைக் காய்ச்சல்

முன்னுரை

தமிழர் மனையில் கோழி பெற்றிருந்த இடம் மிகப் பழையது. குறுந்தொகை 139ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார், மாலையில் காட்டுப்பூனை வந்ததென அஞ்சித் தன் குஞ்சுகளைக் கூவியழைக்கும் மனைக்கோழியை உவமையாக்குகிறார். சோழர் தலைநகராகிய உறையூருக்குக் கோழி என்றும் பெயருண்டு. கோழி எந்நிலத்திலும் வாழ்ந்தது. தாரா எனவும் வழங்கப்பெறும் வாத்தோ நீருள்ள இடத்தையே நாடியது.

நிலமும் நீரும்

சேலம் மாவட்டத்திலிருந்து 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. இச்சமவெளியின் பெரும்பகுதி சோளமும் நிலக்கடலையும் விளையும் மானாவாரி நிலம். களத்தில் சிந்திய தானியமும் குப்பைமேட்டுப் புழுவும் இங்கு நாட்டுக்கோழிக்குத் தீனியாயின.

காவிரிக்கரையின் நிலை வேறு. அல்லாள இளைய நாயக்கர் வெட்டியதாகக் கருதப்படும் இராஜவாய்க்கால், ஜேடர்பாளையத்தில் பிரிந்து பரமத்தி வேலூர் வட்டாரத்தை வளப்படுத்துகிறது. 1934இல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையின் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்கள் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கருக்குப் பாசனம் தருகின்றன. வாத்துக்கு உகந்தது இத்தகைய நன்செய் நிலமே. அறுவடை வயலில் உதிர்ந்த நெல்லும் நத்தையும் அதற்கு இரை. கோழி மண்ணைக் கிளறித் தின்னும்; வாத்து சேற்றை அலசித் தின்னும். ஆகவே ஒரே வீட்டில் வளர்ந்தாலும் இரைக்கு இவற்றிடையே பெரும்போட்டி எழுவதில்லை.

அடைக்கோழியின் பங்கு

முட்டைக்காக வளர்க்கப்படும் வாத்துகள் பெரும்பாலும் ஒழுங்காக அடைகாப்பதில்லை. பொரிப்பான் இல்லாத வீட்டில் இக்குறையை நிறைவு செய்தது நாட்டுக்கோழி. கோழிமுட்டை 21 நாளில் பொரியும்; வாத்துமுட்டைக்கு 28 நாள் வேண்டும். இரண்டையும் ஒரே அடையில் பொரிக்க விரும்புவோர் வாத்துமுட்டையை ஒரு வாரம் முன்னதாக வைத்தல் வேண்டும். பொரித்த தாராக்குஞ்சுகள் நீரில் இறங்க, வளர்ப்புத்தாய் கரையில் நின்று கூவும். வீட்டிலேயே தாராவின் தலைமுறை தொடர அடைக்கோழி இன்றியமையாததாயிற்று.

பண்ணையின் எழுச்சி

அடையில் அமரும் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும். புறக்கடையில் பேறாகக் கருதப்பட்ட இப்பண்பு பண்ணையில் நட்டமாயிற்று. எனவே அடையுணர்வு குன்றிய வெள்ளை லெகார்ன் வழிவந்த முட்டைக்கோழிகள் கூண்டுகளை நிரப்பின. குஞ்சு பொரித்தல் பொரிப்பகத்தின் பணியாயிற்று. 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு தோன்றியது. 1985இல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி நிறுவப்பட்டது. 1989இல் தமிழகச் சத்துணவுத் திட்டத்தில் முட்டை இடம்பெற்றது. தாராவை வளர்த்த தாய்க்கு இப்புதிய அமைப்பில் இடமில்லை.

நோயும் பிரிவும்

1927இல் இராணிகேத்தில் கண்டறியப்பட்டு அவ்வூர்ப் பெயரையே பெற்ற வெள்ளைக்கழிச்சல் கோழிகளைக் கொத்துக்கொத்தாகக் கொல்வது. வாத்துகள் பெரும்பாலும் அதனால் வாடுவதில்லை. ஆயினும் கிருமியைச் சுமக்கக்கூடும். பறவைக் காய்ச்சல் இவ்வச்சத்தைப் பெருக்கியது. இந்தியாவில் அது 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூர்ப் பண்ணைகளில் முதலில் உறுதிசெய்யப்பட்டது. 2014இல் கேரளத்தின் குட்டநாட்டு வாத்துகளிடையே பரவியது. நாமக்கல் முட்டைக்குக் கேரளம் முதன்மைச் சந்தை. ஆதலின் அங்கு வாத்துக்கு வந்த நோய் இங்குள்ள பண்ணையாளரையும் கலங்கச் செய்தது. வாத்தையும் கோழியையும் ஒன்றாக வளர்க்கலாகாது என்பது உயிர்ப்பாதுகாப்பு விதியாயிற்று.

முடிவுரை

அவ்விதி அறிவியல் சார்ந்தது, மறுக்கத்தக்கதன்று. எனினும், பண்ணையின் ஆதாயத்தில் பங்கில்லாத புறக்கடை வளர்ப்போரும் அதன் சுமையை ஏற்கின்றனர். நான்கு கோழி, இரண்டு தாரா வைத்திருக்கும் வீட்டுக்கு முட்டை என்பது உணவும் கைச்செலவுப் பணமும் ஆகும். தனிக்கொட்டில், தனி நீர்த்தொட்டி, காலந்தவறாத தடுப்பூசி ஆகியவை அவ்வீடுகளுக்கும் எட்டினால் இரண்டையும் பிரித்து வைத்தே பேண இயலும். எட்டாவிடின், பிரித்தல் என்னும் விதி நடைமுறையில் தாராவைக் கைவிடுதல் என்றே முடியும்.