பெல்ட் போட்டாச்சு... கொக்கியை எங்கே மாட்டுவது?

அந்தரத்தில் ஒற்றை இரும்பு பீமின் மேல் 11 பேர் வரிசையாக உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடும் கறுப்பு வெள்ளைப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1932 செப்டம்பரில், நியூயார்க் ராக்ஃபெல்லர் சென்டர் கட்டும்போது விளம்பரத்துக்காக எடுத்த படம். படம்தான் விளம்பரம், வேலை நிஜம். ஒருத்தர் இடுப்பிலும் கயிறு கிடையாது.

அந்தக் காலத்து அமெரிக்கக் கட்டுமானத்தில் ஒரு கணக்கு இருந்தது. பத்து லட்சம் டாலர் வேலைக்கு ஓர் உயிர் போகும். சிமெண்ட், ஜல்லி மாதிரி அதுவும் எஸ்டிமேட்டில் ஓர் ஐட்டம்!

1933-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலத்தை ஆரம்பித்த தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. அது 3.5 கோடி டாலர் பாலம். பழைய கணக்குப்படி 35 பேர் போயிருக்க வேண்டும். அவர் சுமார் 1,30,000 டாலர் செலவழித்து பாலத்துக்கு அடியில் வலை கட்டினார். 19 பேர் அதில் விழுந்து பிழைத்தார்கள். ‘நரகத்துக்குப் பாதி வழி போனவர்கள் சங்கம்’ என்று தங்களுக்குப் பெயரும் வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் 1937 பிப்ரவரி 17 அன்று, திறப்பு விழாவுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, பாலத்தின் அடியில் தொங்கிய ஒரு வேலை மேடை பிடி விட்டு வலையில் விழுந்தது. வலை கிழிந்தது. அதோடு போன 12 பேரில் 10 பேர் இறந்தார்கள். அந்தப் பாலத்தில் மொத்தமே 11 சாவு. அதில் 10 அந்த ஒரு நாளில்.

வலையைக் குறை சொல்ல முடியாது. அது மனிதர்களைத் தாங்கக் கட்டியது, டன் கணக்கில் எடையுள்ள மேடையை அல்ல. மேலே மேடையின் பிடிமானம்தான் கைவிட்டது.

அடுத்து வந்தது இடுப்பு பெல்ட். விழுகிறவனை நிறுத்தும், சரி. ஆனால் மொத்த அதிர்ச்சியும் இடுப்பிலும் முதுகெலும்பிலும் இறங்கும். விழுந்தவரைத் தடுக்க இனி இடுப்பு பெல்ட் கூடாது, உடம்பு முழுக்க அணியும் ஹார்னெஸ்தான் என்று அமெரிக்க விதி முடிவு கட்டியது 1998 ஜனவரி 1-ல். நம் நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் 1996-லும் அதன் மத்திய விதிகள் 1998-லும் வந்தன.

சரி, ஹார்னெஸ் வந்தாச்சு. கொக்கி?

இங்கே குஜராத் பக்கத்து சைட்டுகளில் நான் அடிக்கடி பார்ப்பது இது. புது ஹார்னெஸ், பளபளவென்று. கொக்கியோ கேபிள் ட்ரேயில், இல்லை கைப்பிடிக் கம்பியில். கொஞ்சம் விவரமானவர் லேன்யார்டை பீமைச் சுற்றி அதிலேயே மாட்டிக்கொள்வார். பீமின் கூர் விளிம்பு அந்த நாடாவை அறுத்துவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இதற்கென்றே உள்ளதுதான் பீம் ஆங்கர். ஐ-பீமின் ஃபிளாஞ்சை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் சாதனம். சில வகை ஆளோடு நகரும், சில வகை ஒரே இடத்தில் நிற்கும். அமெரிக்க விதிப்படி, தனியாக வடிவமைத்துக் கணக்குப் போடாத ஆங்கர் ஓர் ஆளுக்கு 5,000 பவுண்ட், அதாவது சுமார் 2,268 கிலோ தாங்க வேண்டும். மூன்று மாருதி 800 கார்களை ஒன்றாகத் தொங்கவிட்டாலும் அசையக் கூடாது!

மாட்டுமுன் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். ஃபிளாஞ்ச் அகலத்துக்குச் சரியாக அமைத்து, பூட்டு விழுந்ததா என்று இழுத்துப் பாருங்கள். நகரும் வகை என்றால் பீமின் நுனியில் கழன்று போகாமல் தடுப்பு வேண்டும். ஒன்றிரண்டு போல்ட்டில் நிற்கும் புது பீமை நம்பாதீர்கள். தாங்குமா என்று பொறியாளர் சொல்லட்டும். முடிந்தவரை தலைக்கு நேர் மேலே மாட்டுங்கள். பக்கவாட்டில் மாட்டினால் ஊசலாடித் தூணில் மோத நேரும். 1.8 மீட்டர் லேன்யார்ட், அதிர்ச்சி தாங்கி கிழிந்து நீளும் ஒரு மீட்டர், ஆளின் உயரம் எல்லாம் கூட்டினால், ஆங்கருக்குக் கீழே சுமார் 5.5 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். ஒருமுறை ஆள் விழுந்து தாங்கிய ஆங்கரை உடனே ஒதுக்கிவிட வேண்டும்.

ஊரை விட்டு வந்த நம் வீடுகளில் தம்பியோ மச்சானோ யாராவது ஒருவர் இப்படி உயரத்தில் வேலை பார்க்கிறார். ராத்திரி போனில் “பெல்ட் போட்டியா?” என்று கேட்பதோடு விடாதீர்கள். “எதுல மாட்டுன?” என்றும் கேளுங்கள்.