கட்டணமின்றி வந்த கணினிக் கல்வி



பிழைப்பை நாடிப் பம்பாய்க்குச் சென்ற தமிழருள் பலருக்கு ஊன்றுகோலாய் நின்றவை தட்டச்சும் சுருக்கெழுத்துமே ஆகும். மாட்டுங்காவில் குடியிருந்து, கோட்டைப் பகுதி அலுவலகங்களில் எழுத்தராய் அமர்ந்தவர் பலர். விக்ரோலியில் பெருந்தொழிற்சாலைகளை நிறுவிய கோத்ரெஜ் நிறுவனம், 1955ஆம் ஆண்டில் இந்தியாவில் செய்த தட்டச்சுப் பொறியை வெளியிட்டது. ஒரு பொறியில் பழகிய விரல் வேறெந்தப் பொறியிலும் தடையின்றி ஓடும். சில மாதச் சம்பளம் கட்டிக் கற்ற வித்தை, ஆயுள் முழுவதும் சோறிட்டது.

கணினி வந்ததும் இந்நிலை மாறிற்று. கணினியின் உறுப்புகளையெல்லாம் ஒருங்கே ஆட்டுவிக்கும் அடிப்படை நிரலுக்கு இயங்குதளம் என்று பெயர். ஓர் இயங்குதளத்தில் பழகியவர் மற்றொன்றின் முன் திகைத்து நிற்கிறார். பொறிக்கு ஒரு விலை, உரிமத்திற்கு ஒரு விலை, கற்பிப்போருக்கு ஒரு விலை என்றால், குறைந்த வருவாயுடைய குடும்பம் என் செய்யும்?

இவ்வினாவுக்கு விடை தேட, வரலாற்றில் சற்றுப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும். 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் முயற்சியால் யூனிக்ஸ் என்னும் இயங்குதளம் பிறந்தது. 1979இல் வெளிவந்த அதன் ஏழாம் பதிப்பின் உரிமம், உள்நிரலை வகுப்பறையில் பாடமாக நடத்துவதைத் தடுத்தது. கற்பிக்க வழியடைபட்டதைக் கண்ட பேராசிரியர் ஆண்ட்ரூ டானென்பாம், மாணவர்க்கெனவே மினிக்ஸ் என்ற சிறு இயங்குதளத்தை எழுதி, 1987இல் பாடநூலோடு வெளியிட்டார். அதற்கு முன்னரே, 1983இல், ரிச்சர்ட் ஸ்டால்மன் எவரும் படித்து, திருத்தி, பிறர்க்கும் வழங்கத்தக்க நிரல்களை ஆக்கும் இயக்கத்தை அறிவித்திருந்தார்.

1991ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஹெல்சிங்கி நகரின் மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் தவணை முறையில் ஒரு கணினி வாங்கினார். மினிக்ஸில் பழகி, அதன் குறைகளைக் கண்டு, தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். அதுவே லினக்ஸ். 1992இல் அது ஸ்டால்மன் வகுத்த பொது உரிமத்தின் கீழ் வந்தது. தவணைக் கடனில் இருந்த மாணவர் ஒருவரின் முயற்சி, உலகோர் அனைவர்க்கும் உரிமக் கட்டணமின்றிக் கிடைத்தது! அதனைத் தழுவி, சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் பாஸ் என்ற இந்திய இயங்குதளத்தை 2007இல் வெளியிட்டது. அதில் தமிழும் இடம்பெற்றது.

பொருள் இலவசமானாலும் ஆசான் வேண்டுமன்றோ? அதற்கும் விக்ரோலிக்கு அண்மையிலேயே விடை பிறந்தது. விக்ரோலியை அடுத்துள்ள பவாயில், 1958இல் சோவியத் நாட்டின் துணையோடு தொடங்கப்பெற்ற பம்பாய் ஐ.ஐ.டி. அமைந்துள்ளது. அங்கே பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா அவர்களின் முயற்சியால், மைய அரசின் பொருளுதவியோடு, ஸ்போக்கன் டுட்டோரியல் என்னும் பேச்சுவழிப் பாடத்திட்டம் உருவாயிற்று. லினக்ஸ் முதலிய கட்டற்ற நிரல்களைக் கற்பிக்கும் அப்பாடங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்து நிமிட அளவின, கட்டணம் அற்றவை. திரையில் தோன்றும் எழுத்து ஆங்கிலமாகவே இருக்கும்; விளக்கும் குரலோ தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் ஒலிக்கும். அலுவலகத்தில் எதிர்ப்படுவது ஆங்கிலத் திரையே ஆதலின் கண் அதற்குப் பழகவேண்டும். பொருள் விளங்கவோ தாய்மொழி வேண்டும். இவ்விரண்டையும் இணைத்ததே இத்திட்டத்தின் நுட்பம்.

கேட்டுக்கொண்டிருந்தால் மட்டும் போதாது. பாடத்தைச் சற்றே நிறுத்தி, கேட்டதை உடனே தம் கணினியில் செய்து பார்த்து, பின்னரே மேலே செல்லவேண்டும் என்பது அப்பாடங்களின் விதி. லினக்ஸின் பல வகைகள் பழைய கணினியிலும் இயங்கும். வட்டில் நிறுவாமலே, யு.எஸ்.பி. நினைவகத்திலிருந்து இயக்கியும் பழகலாம். ஆகவே புதுக்கணினி வாங்கும் வரை காத்திருத்தல் வேண்டுவதில்லை.

அன்று தட்டச்சுப் பள்ளிக்குச் சென்றவருக்குச் சம்பளம் கட்ட வழியிருந்தது. வழியற்றவர் வாயிலிலேயே நின்றார். இன்றோ வாயில் திறந்திருக்கிறது. தாராவியின் சிறு அறையில் உள்ள பிள்ளைக்கும் அவ்வாயில் உண்டென்பதைப் பெற்றோர் அறிந்து சொல்லுதல் வேண்டும்; ஏனெனில், இருப்பதை அறியாதவர்க்கு இலவசமும் எட்டாக்கனியே.