சிசிலியா பெய்னின் கேம்பிரிட்ஜ் படிப்பு

சிசிலியா பெய்ன் 1919ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் நியூன்ஹாம் கல்லூரியில் தாவரவியல், இயற்பியல், வேதியியல் பயிலச் சேர்ந்தார். அவ்வாண்டின் முழுச் சூரிய கிரகணத்தை ஆராய்ந்து திரும்பிய எடிங்டனின் சொற்பொழிவு அவரை இயற்பியலுக்கும் வானியலுக்கும் திருப்பியது. 1923இல் படிப்பை முடித்தும் முழு உரிமையுள்ள பட்டம் கிடைக்கவில்லை; கேம்பிரிட்ஜ் அதைப் பெண்களுக்கு வழங்கத் தொடங்கியது 1948இல்தான். இங்கிலாந்தில் ஆய்வு வாய்ப்பு அரிதாக இருந்ததால் அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்துக்குச் சென்றார்.

அங்கு மேகநாத சாகாவின் அயனியாக்கச் சமன்பாட்டைக் கொண்டு விண்மீன் நிறமாலைகளை ஆராய்ந்தார். விண்மீன்களில் ஹைட்ரஜனே மிகுதி என்று 1925ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேட்டில் கணக்கிட்டார். மூத்த வானியலாளர் ரசல் அதை ஏற்காததால், அம்முடிவு அநேகமாக உண்மையன்று என்று பெய்னே எழுத நேர்ந்தது. 1929இல் ரசலும் அதே முடிவுக்கு வந்தார். 1956இல் பெய்ன் ஹார்வர்டில் பேராசிரியரானார்.