சேது லட்சுமி பாய்

பூராடம் திருநாள் சேது லட்சுமி பாய் (1895–1985), திருவிதாங்கூர் சமஸ்தானத்தை 1924 முதல் 1931 வரை ரீஜண்டாக ஆண்ட மகாராணி. ஓவியர் ராஜா ரவிவர்மாவின் மகள் வயிற்றுப் பேத்தி.

தத்து

திருவிதாங்கூர் அரச குடும்பம் மருமக்கத்தாய முறையைப் பின்பற்றியது. பட்டம் மன்னரின் மகனுக்குப் போகாது. தாய்வழியில் மருமகனுக்கே சேரும். பெண்குழந்தை இல்லாவிட்டால் வம்சமே அற்றுவிடும். ஆகவே 1900இல் மாவேலிக்கரையிலிருந்து சேது லட்சுமியும் அவருடைய சித்தி மகள் சேது பார்வதியும் தத்தெடுக்கப்பட்டனர். மறு ஆண்டே, ஆறு வயது நிரம்பும் முன், சேது லட்சுமி, குடும்பத்தின் மூத்த பெண்ணுக்குரிய ஆற்றிங்கல் மூத்த ராணிப் பட்டத்தைப் பெற்றார்.

வைக்கம்

1924 ஆகஸ்டில் மூலம் திருநாள் மகாராஜா மறைந்தபோது, பட்டத்துக்குரிய சித்திரைத் திருநாளுக்கு வயது 11. அவர் சேது பார்வதியின் மகன். ஆயினும் மூத்த ராணி என்ற முறையில் சேது லட்சுமியே செப்டம்பர் 1 அன்று பொறுப்பேற்றார். வைக்கம் கோயில் தெருக்களில் எல்லாச் சாதியினரும் நடக்கும் உரிமைக்காக அப்போது நடந்துவந்த வைக்கம் போராட்டத்தில் சிறைப்பட்டோரை விடுவித்தார். நவம்பரில், மன்னத்து பத்மநாபன் தலைமையில் வைக்கத்திலிருந்தும், டாக்டர் எம். இ. நாயுடு தலைமையில் நாஞ்சில் நாட்டிலிருந்தும் சாதி இந்துக்களே திருவனந்தபுரத்துக்கு நடந்து வந்தனர். கோயில் தெருக்களை எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்று அவரிடம் மனுக் கொடுத்தனர். சட்டசபையிலோ அதற்கான தீர்மானம் ஒரே வாக்கில் தோற்றது.

1925 மார்ச்சில் காந்தி வர்க்கலையில் அவரைச் சந்தித்தார். வைரம் பூண்ட சீமாட்டியை எதிர்பார்த்துப் போனவர், ஆடம்பரமற்ற அறையில் எளிய உடையணிந்த இளம்பெண்ணைக் கண்டதாகப் பின்னர் எழுதினார். அந்த நவம்பரில் போராட்டம் முடிந்தபோது மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன. கிழக்குத் தெரு திறக்கவில்லை.

சட்டங்கள்

1925இல் வந்த நாயர் சட்டம், தறவாட்டுச் (தாய்வழிக் கூட்டுக் குடும்பச்) சொத்தை ஆளுக்காள் பிரித்துக்கொள்ள வழிசெய்தது. மருமக்கள்வழியில் இருந்த நாஞ்சில் நாட்டு வேளாளருக்கும் கொல்லம் ஆண்டு 1101இல் தனிச் சட்டம் பிறந்தது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தம் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மிய’த்தில் எள்ளி நகையாடியது இந்த முறையைத்தான். தம்மை ஆட்சியில் அமர்த்திய தாய்வழி உரிமை குடிமக்களிடையே கலைவதற்கான சட்டங்கள் இவ்வாறு ஒரு ராணியின் காலத்திலேயே வந்தன. பெண் மருத்துவர் மேரி புன்னன் லூக்கோஸ் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டதும் சேது லட்சுமியின் ஆட்சியில்தான். பத்திரிகைகளுக்குக் கடிவாளமிட்ட 1926ஆம் ஆண்டுச் சட்டம் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது.

பிற்காலம்

1931 நவம்பரில் ஆட்சி சித்திரைத் திருநாளிடம் சென்றது. கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை அவர் 1936இல் வெளியிட்டார். சேது லட்சுமி பிற்காலத்தில் பெங்களூரில் குடியேறி அங்கேயே காலமானார். பூஜப்புரையில் அவர் வாழ்ந்த சாட்டல்மண்ட் அரண்மனை, இப்போது சித்திரைத் திருநாள் பெயரிலுள்ள மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் வளாகம்.