பாலையும் பாலாவும்: ஒட்டுக்குக் கீழே மறைந்த காட்டு மரம்

புதுக்கோட்டைக் காடுகளைப் பற்றி எழுத வருபவர் யாராயினும் சாம்பியனிடமிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. இந்தியா, பர்மா காட்டு வகைகள் பற்றி ஹாரி ஜார்ஜ் சாம்பியன் 1936இல் வெளியிட்ட நூலும், அதை எஸ்.கே. சேத்துடன் சேர்ந்து அவர் திருத்திய 1968ஆம் ஆண்டுப் பதிப்பும்தான் ‘வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு’ என்ற வகையை நிலைநிறுத்தின. வடகிழக்குப் பருவமழையை நம்பிய கீழைக் கடற்கரையில், அதிக உயரமில்லாத, இலை அடர்ந்த காடு அது. பாலை அதன் அடையாள மரங்களுள் முதன்மையானது. தாவரவியலார் அதை மணில்காரா ஹெக்சாண்ட்ரா என்பர். ‘ஹெக்சாண்ட்ரா’ என்பது பூவின் ஆறு மகரந்தத்தாள்களைக் குறிப்பது.

சாம்பியனின் வாசிப்பில் எனக்கு இரண்டு மறுப்புகள் உண்டு. முதலாவது இடம் பற்றியது. அவர் இக்காட்டைக் கடற்கரையோடு சேர்த்துப் பார்த்தார். பின்வந்தவர்களும் கடற்கரையையே நாடினர். பிளாஸ்கோவும் லெக்ரீஸும் 1973இல் எழுதிய கட்டுரை மரக்காணம், கோடியக்கரைக் காடுகளைப் பற்றியது. புதுக்கோட்டையின் உள்நாட்டுக் காட்டுத் துண்டுகளைப் புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரம் மரமாக எண்ணி 2005இல் வெளியிட்ட பிறகே, கடலிலிருந்து தள்ளியிருக்கும் செம்புரை மண்ணிலும் இதே காடு நிற்கிறது என்பது அழுத்தமாகப் பதிவாயிற்று. அத்துண்டுகளில் பல கோயில்காடுகள். மழை மட்டும் அவற்றைக் காத்திருக்க முடியாது. அய்யனார் காட்டில் அரிவாள் வைக்கக் கூடாது என்ற ஊர்க் கட்டுப்பாட்டுக்கும் அதில் பங்குண்டு. காலநிலையை முதன்மை அளவுகோலாக வைத்த வகைப்பாட்டில் அந்த மனிதப் பங்குக்குப் போதிய இடம் ஒதுக்கப்படவில்லை.

இரண்டாவது மறுப்புதான் எனக்கு முக்கியம். ‘வகை’ என்ற கண்ணாடி வழியே பார்த்தால் ஒரு பாலைக்கும் இன்னொரு பாலைக்கும் வேறுபாடு தெரியாது. பட்டியலில் பெயர் வந்துவிட்டால் மரம் இருப்பதாகப் பொருள். இந்தப் பழக்கம் காட்டியல் நூல்களோடு நிற்காமல் நாற்றங்காலுக்கும் வந்துவிட்டது. கோயில்காட்டில் பழம் தரும் ஒரே பாலையின் அடியில் விதை பொறுக்கி, ஆயிரம் கன்று வளர்த்து, பத்து ஊர்களில் நட்டுவிட்டு ‘பாலையைக் காப்பாற்றினோம்’ என்று எழுதிவிடலாம். அந்த ஆயிரமும் ஒரு தாயின் பிள்ளைகள். விதை சேகரிப்புக்கு மார்ஷலும் பிரவுனும் 1975இல் முன்வைத்த கணக்கு இடத்துக்கு 50 செடிகள் அளவில் போகிறது. நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் மட்டுமே ஒரு கூட்டத்தில் காணப்படும் மரபணு வடிவங்களும் விடுபடாமலிருக்க அது வேண்டும். 50 முதிர்ந்த பாலைகள் சேர்ந்து நிற்கும் கோயில்காட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் பல காடுகளின் விதையைத் தாய்மரம் வாரியாகக் குறித்துவைத்துக் கலந்து வளர்ப்பதே சரியான வழி. ஆங்காங்கே கிடைத்ததைப் பொறுக்குவது அதற்கு ஈடாகாது.

இனி ஒரு சொல்லிடம் சற்று நிற்கிறேன். ஊரில் இம்மரம் பாலை. உலக்கை கடைய ஏற்ற உறுதியான மரம் என்பதால் உலக்கைப்பாலை என்றும் வழங்கும். சப்போட்டா ஒட்டு கட்டுபவர்களிடம் போனால் அதே செடி ‘பாலா’ ஆகிவிடுகிறது. இந்த ஐகாரம் எங்கே போயிற்று? சாகுபடிக் கையேடுகள் ஆங்கில எழுத்தில் ‘பாலா’ என்று எழுத, அது தமிழுக்குத் திரும்பும்போது அப்படியே நின்றுவிட்டது என்று கொள்ளலாம். எனக்கு இன்னொரு வழி கூடுதல் பொருத்தமாகத் தோன்றுகிறது. தெலுங்கில் இம்மரம் ‘பால’. அன்றைய சென்னை மாகாணத்தின் பழ ஆராய்ச்சி நிலையம் தெலுங்கு பேசும் கடப்பை மாவட்டத்தின் கோடூரில் இருந்தது. ஒட்டுத் தொழில்நுட்பமும் ஒட்டுக்கன்றும் அங்கிருந்து தெற்கே வந்தபோது சொல்லும் கூடவே வந்திருக்கலாம். அப்படியானால் ‘பாலா’ வெறும் எழுத்துப்பிழையாகாது. காட்டு மரம் நாற்றங்கால் பொருளான காலத்தின் தடயம் அது. சான்று மெல்லியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஊர்ச்சொல் ஊரிலேயே உயிரோடிருக்க, நாற்றங்காலில் மட்டும் வேறு சொல் வழங்குவதற்கு வெளியூர் வரவைவிட இயல்பான விளக்கம் இல்லை.

அந்த மாற்றம் மரத்துக்கு என்ன செய்தது? சப்போட்டா நமக்கு வெளியிலிருந்து வந்த பழம். வறட்சியைத் தாங்கும் வேர் வேண்டி அதைப் பாலைக் கன்றின் மேல் நெருக்கு ஒட்டாகக் கட்டுகிறார்கள். பாலை மெல்ல வளர்வது. ஒட்டுக்கு வேண்டிய பென்சில் தடிமன் வரவே ஆண்டுகள் ஆகும். ஒட்டு கூடியதும் பாலையின் தலையை வெட்டிவிடுவார்கள். அதன் பிறகு அது பூப்பதில்லை, காய்ப்பதில்லை. ஒட்டுக்குக் கீழே துளிர்த்தால் கிள்ளி எறிவார்கள். ஒரு காட்டு விதை வேர்ச்செடியானதும் அதன் வம்சம் அத்தோடு நின்றுவிடுகிறது.

இதை இழப்பாக மட்டும் பார்ப்பவர்களோடு நான் உடன்படவில்லை. தோப்பில் மேலே நிற்கும் சப்போட்டா எல்லாம் ஒரே மரத்தின் நகல்களாக இருக்கலாம். கீழே உள்ள பாலை வேர் ஒவ்வொன்றும் தனி விதையில் முளைத்தது, தனி மரபு கொண்டது. விதை பொறுக்கிய காடு பின்னாளில் தைலமரத் தோட்டமாகியிருந்தாலும், 2018 நவம்பரில் கஜா புயலில் சாய்ந்திருந்தாலும், அதன் ஒரு பங்கு ஏதோ ஒரு தோப்பின் மண்ணுக்குள் இன்னும் உயிரோடிருக்க வாய்ப்புண்டு.

மறுப்பும் வரும். விதை புதுக்கோட்டையுடையதுதானா? குஜராத்திலும் இம்மரம் ராயன் என்ற பெயரில் உண்டு. விதை எங்கிருந்தும் வந்திருக்கலாம். ஒலிவ மரத்திலும் இதே சிக்கல்தான். மத்தியதரைக்கடல் நாடுகளில் காட்டொலிவம் நெடுங்காலமாக வேர்ச்செடி. தோட்ட ஒலிவத்தின் மகரந்தம் காற்றில் போய்க் கலந்துவிட்டதால், எது காட்டு மரம், எது தோட்டத்திலிருந்து தப்பியது என்று பிரிக்க அங்கே மரபணுச் சோதனை வேண்டியிருக்கிறது. இங்கும் வழி அதுவே. பசுங்கணிகத்தின் மரபணு பொதுவாகத் தாய்வழி வருவது, மகரந்தம் வழியே கலப்பதில்லை. ஒட்டுக்குக் கீழே துளிர்த்த இலையைக் கோயில்காட்டுப் பாலை இலையோடு ஒப்பிட்டால் விதையின் ஊர் ஓரளவு தெரியும். புதுக்கோட்டைப் பாலை முதன்முதலில் எந்த ஆண்டு ஒட்டுக்கு எடுக்கப்பட்டது என்பதை மட்டும் என்னால் அறுதியிட முடியவில்லை. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948இல் சென்னை மாகாணத்தோடு இணைந்ததற்குப் பின் என்று கொள்ளத் தோன்றுகிறது. அதற்கு மேல் சொல்லத் துணியவில்லை.

வல்லத்திராக்கோட்டையில் அரசு தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது. பக்கத்து வம்பனில் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஒட்டுக் கட்டும் கையும் ஆராயும் கண்ணும் கூப்பிடு தூரத்தில் உள்ளன. பழைய சப்போட்டாத் தோப்பை வேரோடு பிடுங்க நினைப்பவர்களிடம் ஒன்றே கேட்கிறேன்: மரத்தை ஒட்டுக்குக் கீழே அறுத்துவிட்டு ஒரு மழைக்காலம் பொறுத்திருங்கள். சப்போட்டா இலை நுனி கூர்த்திருக்கும். பாலை இலை நுனி உள்வாங்கி வெட்டுப்பட்டாற்போல் இருக்கும். அப்படியோர் இலை துளிர்த்தால் அதிலிருந்து ஒட்டுக்குச்சி எடுத்து, வேறொரு பாலைக் கன்றில் கட்டி, ஊர்க் கோயில்காட்டின் ஓரத்தில் நட்டுவையுங்கள். அங்கே அது மறுபடி பூக்கும்.