கலனுக்கு அளவு சொன்னது யார்? தமிழகத் தடுப்பூசிக் கூடங்கள், 1907 முதல்

அந்தமானின் பத்துபஸ்தியில் தடுப்பூசி நாளன்று இரண்டே குழந்தைகள் வந்தாலும் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. குப்பியைத் திறந்தாக வேண்டும். கரைத்த மருந்து நான்கு மணி நேரமே தாங்கும். பத்து டோஸ் குப்பியில் மீதி எட்டும் வீண். மருந்துக்கூடத்தில் நுண்ணுயிரையோ உயிரணுவையோ வளர்க்கும் கலன் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்ற கணக்கு இந்தக் குப்பியிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் துணிபு. பாதி வீணாகும் மருந்துக்குத் தேவையை இரண்டால் பெருக்குவார்கள். கையிருப்புக்கென மேலும் கால் பங்கு சேர்ப்பார்கள். ஆண்டுக்குச் சுமார் 2.5 கோடிக் குழந்தைகள் பிறக்கும் நாட்டில், ஒரே தவணைக்கு 6 கோடி டோஸுக்கு மேல் வேண்டியிருக்கிறது.

குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-இல் தொடங்கிய காலத்தில் இப்படிப்பட்ட கணக்குக்கு இடமே இல்லை. 1911-இல் இமாசலப் பிரதேசத்தின் கசௌலியில் டேவிட் செம்பிள் வகுத்த முறைப்படி, வெறிநாய்க்கடி மருந்து ஆட்டின் மூளையிலிருந்து வந்தது. ஒரு மூளை தருவது இவ்வளவுதான். தேவை இரட்டித்தால் ஆடுகளும் இரட்டிக்கும். கலனைப் பெரிதாக்கிப் பயனில்லை. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று இன்றும் பெரியவர்கள் அச்சத்தோடு சொல்வது இந்த மருந்தைத்தான். 2004-இன் இறுதியில்தான் நாடு அதைக் கைவிட்டது.

கிண்டியில் 1948-இல் அமைந்த பி.சி.ஜி. ஆய்வகத்தின் சிக்கல் வேறு. வழக்கமான முறையில் பி.சி.ஜி. நுண்ணுயிர் திரவத்தின் மேற்பரப்பில் ஏடுபோலப் படர்ந்து வளரும். ஆழமான பாத்திரம் கூடுதலாக எதுவும் தராது, பரப்புதான் விளைச்சல். எனவே குடுவைகளின் எண்ணிக்கையே அங்கு உற்பத்தியின் அளவு.

லிட்டரில் கணக்கிடும் வழியை 1967-இல் நெதர்லாந்தின் வான் வெசல் திறந்தார். ஒட்டி வளரும் உயிரணுக்களுக்கு மிதக்கும் நுண்மணிகளைப் பற்றுக்கோடாக அவர் தந்தார். குடுவை வரிசைக்குப் பதில் ஒரே கலன் போதும் என்றாயிற்று. ஆனால் கலன் பெரிதாகப் பெரிதாக, உள்ளே எழும் வெப்பத்துக்கு ஈடாகச் சுவரின் பரப்பு பெருகாது. ஆக்சிஜனைக் கரைப்பதும் கடினமாகும்.

2008-இல் கசௌலி, குன்னூர், கிண்டி ஆகிய மூன்று அரசுக் கூடங்களின் உரிமங்களும் நல்ல உற்பத்தி நடைமுறை விதிகளுக்கு இணங்கவில்லை என்று இடைநிறுத்தப்பட்டு, 2010-இல் மீண்டன. கலனின் கொள்ளளவு மட்டும் போதாது. காற்று, நீர், தனித்தனி அறைகள் என்று அதைச் சூழ்ந்தவையும் சேர்ந்தே அளவு என்பதை நாடு அப்போது விலை கொடுத்துக் கற்றது.

செங்கல்பட்டில் 100 ஏக்கரில், 594 கோடி ரூபாய் திட்டமாக, ஆண்டுக்கு 58.5 கோடி டோஸ் இலக்கோடு தடுப்பூசி வளாகம் எழுந்தது. 2021 மே 25-இல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதைப் பார்வையிட்டபோதும் தடுப்பூசி உற்பத்தி அங்கே தொடங்கியிருக்கவில்லை. இவ்வளவு பெரிய இலக்கைச் சிறு சிறு பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாக ஓடவிட்டிருக்கலாம் என்று வருத்தத்தோடு நினைக்கிறேன்.

பி.சி.ஜி. போல உலர்ந்த பொடியாகக் குப்பியில் அடைபடும் மருந்துகளுக்கு உண்மையான நெருக்கடி பெரும்பாலும் கலனில் இல்லை, உறையவைத்து உலர்த்தும் கருவியில் இருக்கிறது. கலன் மூன்று நாளில் தருவதை அது உலர்த்த ஆறு நாள் எடுத்தால், கலனை இரட்டிப்பது வீண் செலவு. அதன் தட்டில் ஐந்து டோஸ் குப்பிக்கும் பத்து டோஸ் குப்பிக்கும் ஏறக்குறைய ஒரே இடம்தான். பத்துபஸ்தியில் எட்டு டோஸ் வீணாவதை மூன்றாகக் குறைக்கக் குப்பியைச் சிறிதாக்கினால், அதே டோஸ் எண்ணிக்கைக்குத் தட்டுகள் ஏறக்குறைய இரட்டிக்க வேண்டும்.